சபுராளியின் எண் யார் பொறுப்பு?



2025ஆம் ஆண்டில் ரமலான் நோன்பும் மாசி மகமும் சேர்ந்து வந்தன. ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக்குப் புறப்பட்டுப் போயிருந்தார். அங்கே தர்காவின் சார்பில் மரியாதை செய்து வரவேற்கும் பழைய வழக்கத்தைப் பற்றித்தான் ஊரில் பேச்சு. தராவீஹ் முடிந்து நாங்கள் வீடு திரும்பிய வேளையில், திண்ணையில் இருந்த அத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார்.

இரவோடு இரவாகச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோனோம். அடைப்பு இருக்கிறது, உடனே சிகிச்சை செய்ய வேண்டும், காலைக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டும் என்றார்கள். பணம் இல்லாத குடும்பம் அல்ல எங்களுடையது. ரியாத்தில் இருக்கும் என் தம்பி மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த தொகை ஊரிலுள்ள வங்கியில் அவன் பெயரில் கிடந்தது. ஆனால் அந்தப் பணத்துக்கும் எங்களுக்கும் நடுவே நகத்தளவு அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு குறுக்கே நின்றது.

தம்பி அண்மையில்தான் கைப்பேசியை மாற்றியிருந்தான். புதிய கைப்பேசியில் வங்கிச் செயலி திறக்க வேண்டுமானால், வங்கியில் பதிவான இந்திய எண்ணின் சிம் அதே கைப்பேசியில் இருந்து ஒரு குறுஞ்செய்தியை அனுப்பியாக வேண்டும். அந்தச் சிம்மை அவன் விடுமுறை முடிந்து போன சென்ற ஆடி மாதத்திலிருந்து ஒரு பழைய உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்திருந்தான். எடுத்துப் போட்டான், சிக்னல் இல்லை. கைப்பேசியை அணைத்துப் போட்டான், இல்லை. நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்தான், எல்லாவற்றிலும் மறுப்பு. நான் இங்கிருந்து ரீசார்ஜ் செய்தேன். பணம் போய், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தது. மீண்டும் செய்தேன்; மீண்டும் திரும்பியது. ஏ.டி.எம். அட்டை அவன் கையிலேயே இருந்தது. ஆனால் 2020ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதிதாகத் தரப்படும் அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டுமே இயங்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்துவிட வேண்டும். திறப்பதற்கும் அதே செயலி, அதே எண். மாதத்தின் நடுப்பகுதி என்பதால் அங்கே கையில் சம்பளமும் இல்லை. இப்படியே மூன்று மணி நேரம் போயிற்று. ஸஹர் நேரத்தில் அம்மா ஒன்றும் சொல்லாமல் கைவளையல்களைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

நகைக்கடன் என்றால் வட்டி. வாழ்நாள் முழுதும் அதிலிருந்து விலகி இருந்த குடும்பம், மகனின் சேமிப்பு வங்கியில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அந்த வாசலில் போய் நிற்க வேண்டிய நிலை. அல்லாஹ் காப்பாற்றினான். விடிந்ததும் மாமா கைமாற்றாகக் கொடுத்தார்; மறுநாள் தம்பியின் அறைத்தோழர்கள் திரட்டி அனுப்பினார்கள். அத்தா நலமாக இருக்கிறார். ஆனால் அந்த வளையல்கள் என் உள்ளங்கையில் இருந்த பத்து நிமிடங்களை நான் மறக்கவில்லை. இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

அன்றிரவு நாங்கள் செய்த முதல் தவறு, நோய் என்னவென்று தெரியாமல் மருந்து கொடுத்தது. சிம் வேலை செய்யவில்லை என்பது ஒரே நோய் அல்ல. வேறொரு கைப்பேசியிலிருந்து அந்த எண்ணை அழைத்துக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். “அணைத்து வைக்கப்பட்டுள்ளது” அல்லது “தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது” என்று குரல் சொன்னால் எண் உயிரோடு இருக்கிறது. உள்வரும் அழைப்பு வசதி நிறுத்தப்பட்டுள்ளது என்றால் திட்டத்தின் காலம் முடிந்திருக்கிறது. ஊரிலிருந்து யார் வேண்டுமானாலும் ரீசார்ஜ் செய்து மீட்கலாம். “இந்த எண் உபயோகத்தில் இல்லை” என்றால் கதையே வேறு. அதன்பின் கைப்பேசியில் என்ன செய்தாலும் பயனில்லை. ரீசார்ஜ் பணம் திரும்பத் திரும்ப நம்மிடமே வந்ததும் இதே செய்தியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் காதில் விழவில்லை.

எண் உயிரோடு இருந்தும் வெளிநாட்டில் சிக்னல் வராவிட்டால், முதலில் ரோமிங் வசதி திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்நாட்டுத் திட்டத்துக்குப் பணம் கட்டினால் ரோமிங் தானாகத் திறந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது தனியே திறக்க வேண்டிய கதவு; விமானம் ஏறுவதற்கு முன்பே நிறுவனத்தின் செயலியில் திறந்துவிடுவது நல்லது. ஓ.டி.பி. பெறுவதற்கு இணைய ரோமிங் தேவையில்லை, அதை மூடியே வைக்கலாம். உள்வரும் குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் கட்டணமும் இல்லை. அடுத்தது கைப்பேசி. சிங்கப்பூரில் 2017ஆம் ஆண்டிலேயே 2ஜி நிறுத்தப்பட்டது. மலேசியாவில் 2021 இறுதியில் 3ஜி நின்றது. பெரியவர்கள் “இது ஓ.டி.பி.க்கு மட்டும்” என்று எடுத்துச் செல்லும் பழைய பட்டன் போன், இறங்கிய இடத்தில் பற்றிக்கொள்ள அலையே இல்லாமல் ஊமையாகிவிடலாம். சிம்மில் குறை இருக்காது.

எங்கள் கதை மூன்றாவது வகை. எண்ணே இறந்திருந்தது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013ஆம் ஆண்டு கொண்டுவந்த விதியின்படி, ஒரு ப்ரீபெய்டு எண்ணை 90 நாள்களுக்கு அழைப்பு, குறுஞ்செய்தி, இணையம் என எந்தப் பயன்பாடும் இல்லாதிருந்தால் மட்டுமே செயலிழக்கச் செய்யலாம். அப்போதும் கணக்கில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும். செயலிழந்த பின்னும் மீட்டுக்கொள்ள 15 நாள் அவகாசம் உண்டு. இந்த 20 ரூபாய்ச் செய்தி அவ்வப்போது “புதிய சலுகை” என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது; பழைய விதிதான். அதில் நம்மவர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த 20 ரூபாய் இருக்க வேண்டியது டாக்டைம் எனப்படும் முதன்மைக் கணக்கில். இன்று நாம் போடும் 28 நாள், 84 நாள் திட்டங்கள் அந்தக் கணக்கில் ஒரு பைசாவையும் சேர்ப்பதில்லை. வருடக்கணக்கில் ரீசார்ஜ் செய்தவரின் முதன்மைக் கணக்கு சுழியமாகவே இருக்கலாம். தம்பியுடையது அப்படித்தான் இருந்தது.

இனி சிக்கலின் முடிச்சு. அந்தச் சிம் தம்பியின் பெயரில் இல்லை. அவன் கல்லூரியில் சேர்ந்தபோது அத்தாவின் அடையாள அட்டையைக் கொடுத்து வாங்கியது. நிறுவனத்தின் கிளையில் கேட்டபோது, உரிமையாளர் நேரில் வர வேண்டும் என்றார்கள். உரிமையாளர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தார். அவர் தேறி, பெருநாள் கழிந்து, என் தோளைப் பிடித்தபடி அந்தக் கிளையின் படியேறியபோது எண் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கிளையில் இருந்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரில் வரச் சொல்லும் கட்டுப்பாடு இல்லையென்றால் நம் எண்ணைக் கொண்டு எவனோ ஒருவன் நம் கணக்கைத் துடைத்துவிடுவான். குறை நம் வீட்டில் இருந்தது.

நம் பகுதியில் இது பரவலான வழக்கம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மனைவி பயன்படுத்தும் எண் மச்சான் பெயரில், மகனுடையது அத்தா பெயரில், அத்தாவுடையது கடைக்காரர் எப்போதோ “ஆக்டிவேட் செய்தே” கொடுத்த யாருடைய பெயரிலோ. வீடு, மனை என்றால் பத்திரத்தில் ஓர் எழுத்துப் பிழைக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நாலு முறை நடப்போம். கடனை எழுதிவைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் எவ்வளவு விரிவாகச் சொல்கிறது என்று ஜும்ஆ உரைகளில் கேட்டிருக்கிறோம். வங்கி, ஆதார், வருங்கால வைப்பு நிதி, சமையல் எரிவாயு ஆகிய அத்தனைக்கும் சாவியாக இருக்கும் எண் யார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் எழுதிவைப்பதும் இல்லை, கேட்பதும் இல்லை. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் எண்ணைக் கொடுத்தால், நம் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று காட்டும். ஒருவர் பெயரில் 9 வரைதான் இருக்கலாம். மீறினால் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி முதல் முறை 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

“சிம்மை ஊரிலேயே விட்டுச் செல்; ஓ.டி.பி. வந்தால் நாங்கள் சொல்கிறோம்” என்பது பெரியவர்கள் கூறும் யோசனை. நான் இதை முழுதாக ஏற்கவில்லை. ஒற்றை ஓ.டி.பி.க்கு அது உதவலாம். ஆனால் யு.பி.ஐ., வங்கிச் செயலி போன்றவை சிம் இருக்கும் கைப்பேசியோடுதான் பிணைந்துகொள்கின்றன. வாட்ஸ்அப் போன்ற செயலிகளும் பதிவு செய்த சிம் அந்தக் கைப்பேசியில் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. அதோடு, வீட்டில் உள்ளவர்களுக்கு ஓ.டி.பி.யைத் தொலைபேசியில் வாசித்துச் சொல்லும் பழக்கம் ஏற்பட்டுவிட்டால், நாளை வங்கி மேலாளர் என்று சொல்லிக்கொண்டு எவனாவது அழைக்கும்போதும் அதே நாக்கு அதே எண்களை வாசித்துவிடும். நம் தாய்மார்களை நாமே அதற்குப் பழக்குகிறோம்.

மாற்றுச் சிம் வாங்கி, ஊரிலிருந்து வருபவர் பையில் கொடுத்தனுப்புவது இன்னொரு வழக்கம். இதில் ஏமாந்தவர்கள் அதிகம். புதிய சிம் பெரும்பாலும் இந்திய மண்ணிலேயே ஒருமுறை உயிர்பெற வேண்டும். உறை பிரிக்காமல் ரியாத்துக்கும் கோலாலம்பூருக்கும் போய்ச் சேரும் சிம், அங்கே விழிக்காது. ஊரில் ஒரு கைப்பேசியில் போட்டு, சிக்னல் பிடித்து, உறுதிப்படுத்தல் முடித்து, ரோமிங்கையும் திறந்த பிறகே அனுப்ப வேண்டும். மோசடியைத் தடுப்பதற்காக மாற்றுச் சிம்மில் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. அதற்குள் “இதுவும் வேலை செய்யவில்லை” என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன காலத்தில், கடிதம் வர மாதங்கள் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே புறப்படும் முன்பே யாரிடம் எந்தச் சாவி, எவரிடம் எவ்வளவு பாக்கி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் பெரியத்தா கேசட்டில் பேசி அனுப்பிய காலத்திலும், அந்தக் கேசட்டின் முதல் பக்கம் முழுக்க வரவு செலவுக் கணக்குதான் இருக்கும். அம்மாவைப் பற்றிய விசாரிப்பு இரண்டாம் பக்கம் திருப்பினால்தான் வரும் என்று வீட்டில் இன்றும் சிரிப்பார்கள். தினமும் முகம் பார்த்துப் பேசுகிறோம் என்ற துணிவில் நாம் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டுவிட்டோம்.

என் கருத்தில், வெளிநாட்டில் வேலை செய்யும் ஒருவர் தம் பணம் முழுவதையும் ஒரே ஓர் இந்திய எண்ணில் கட்டித் தொங்கவிடுவதே தவறு. வெளிநாட்டில் குடியிருப்பவர் ஊரிலுள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது சட்டம். பலர் மாற்றுவதில்லை. மாற்றினால் வங்கியில் அந்நாட்டு எண்ணையே பதிவு செய்துகொள்ளப் பல வங்கிகளில் வழி இருக்கிறது. 2023 ஜனவரியிலேயே சிங்கப்பூர், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், ஓமன் உள்ளிட்ட 10 நாடுகளின் எண்களைக் கொண்டு என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளில் யு.பி.ஐ. பயன்படுத்தத் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அனுமதி அளித்தது. ஊரில் இருக்கும் மனைவிக்கோ அண்ணனுக்கோ உள்ளூர்ச் செலவுக்காக மேண்டேட் என்னும் அதிகாரக் கடிதம் கொடுத்து வைக்கலாம். இது கைப்பேசியே இல்லாமல், கையெழுத்தோடு வங்கி வாசலில் முடிகிற வேலை. தம்பி இப்போது இவை அனைத்தையும் செய்துவிட்டான். அதற்கு ஆன மொத்தச் செலவு, அன்றிரவு சிதம்பரத்துக்குக் கொடுத்த கார் வாடகையை விடக் குறைவு.

நிறுவனங்களிடமும் அரசிடமும் கேட்க வேண்டியதும் இருக்கிறது. போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர் வெளியூர் போகும்போது எண்ணைப் பாதுகாப்பில் வைத்துச் செல்ல 2013ஆம் ஆண்டின் அதே விதி வழி செய்கிறது. உழைத்துப் பிழைக்கப் போகிறவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பதோ ப்ரீபெய்டு. 2024 டிசம்பரில் டிராய் கொண்டுவந்த திருத்தத்தால், இணையம் இல்லாமல் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை 365 நாள் வரை தரலாம் என்றாயிற்று. அதன்படி 2025 தொடக்கத்தில் வந்த ஆண்டுத் திட்டங்கள் 1,800 ரூபாய்க்கு அருகில் இருந்தன. மாதம் நாலு ஓ.டி.பி. பெறுவதற்கு மட்டும் இருக்கும் எண்ணுக்கு இது அதிகம் என்றே கருதுகிறேன். எண்ணை உறங்கவைத்துக் காக்கும் ஒரு சிறு கட்டணத் திட்டம் ப்ரீபெய்டுக்கும் வேண்டும். அயலகத் தமிழர் நலனைப் பற்றிப் பேசும் மேடைகளில் நம் ஜமாஅத்துகள் இதைக் கோரிக்கையாக வைக்கலாம். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், 2026 ஏப்ரல் முதல் குறுஞ்செய்தி ஓ.டி.பி.யைத் தவிர்த்த பிற உறுதிப்படுத்தல் முறைகளுக்கும் இடம் கொடுக்கின்றன. வங்கிகள் எவ்வளவு விரைவில் மாறும் என்பதைப் பொறுத்தது அது. அதுவரை, 1,800 ரூபாய் அதிகம் என்று தோன்றினாலும் கட்டிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். நாளொன்றுக்கு ஐந்து ரூபாய். எங்கள் வீட்டு வளையல்களின் எடையைக் கையில் பார்த்தவன் சொல்கிறேன்.

எண்ணை இழந்துவிட்டால், இழந்தவருக்கு உடனடியாகச் சில கடமைகள் வருகின்றன. செயலிழந்த எண் குறைந்தது 90 நாள்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் டிராய் தெரிவித்தது. தகவல்களை அழித்துக்கொள்வது பழைய உரிமையாளரின் பொறுப்பு என்ற நிலைப்பாட்டையே நீதிமன்றமும் எடுத்தது. வங்கியிலும் ஆதாரிலும் பழைய எண்ணை நீக்குவது, வாட்ஸ்அப்பில் “எண்ணை மாற்று” வசதி வழியாகப் புதிய எண்ணுக்குப் போவது, உறவினர் எல்லோருக்கும் அறிவிப்பது ஆகியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. வீட்டுப் பெண்களின் படங்கள், பிள்ளைகளின் பள்ளிச் செய்திகள், சகோதரியின் திருமணப் பேச்சு எல்லாம் யாரென்றே தெரியாத ஒருவரின் கைக்குப் போய்ச் சேரும்.

எங்களுடையது போய்ச் சேர்ந்தது. அத்தாவோடு கிளைக்குப் போய்வந்த அன்று மாலை, தயங்கித் தயங்கி அந்த எண்ணை அழைத்தேன். திருப்பூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எடுத்தார். விவரம் சொன்னதும், “நீங்கதானா அது? பெருநாளுக்கு நாற்பது பேர் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள், தம்பி. எல்லோருக்கும் இது அவரில்லை என்று சொல்லி அலுத்துவிட்டது” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, வங்கியிலிருந்து இரண்டு மூன்று செய்திகள் வந்ததாகவும், எண்களைக் கண்டதும் மகளிடம் கொடுத்து அழிக்கச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். பிறர் அமானிதம் தம் வீட்டுக்குள் வந்து விழுந்துவிட்டதே என்ற சங்கடம் அந்தக் குரலில் இருந்தது. அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை; அவர் நம் மார்க்கத்தவரும் அல்லர்.

வைக்கும் முன் ஒன்று கேட்டார்: “உங்க அத்தாவுக்கு உடம்பு எப்படி? யாரோ ஒரு அம்மா அழைத்து, எடுத்த உடனே அழுதார்கள். யாரென்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள்.”

அன்றிரவு மருத்துவமனை வராந்தாவிலிருந்து அம்மா தன் கைப்பேசியில் மகனின் பழைய எண்ணையே அழுத்தியிருக்கிறார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அது ஒன்றுதான்.